மதுரையின் முதல் பங்குச் சாமிக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய கொன்சாலோ பெர்னாண்டஸ் சுவாமி அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். எங்கள் பங்கின் விழா மலருக்கு மதுரைத் திருச்சபையின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். பழைய மலர்களைப் புரட்டினேன். எல்லாமே 1606-இல், தத்துவ போதகர் என்று நாங்கள் அழைக்கும் இத்தாலியத் துறவி ராபர்ட் தெ நொபிலி மதுரைக்குள் நுழைவதில்தான் தொடங்குகின்றன. அவர் வந்தபோது கதவைத் திறந்துவிட்ட தாங்கள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

தாங்கள் 1595-லேயே இங்கு வந்துவிட்டீர்கள். போர்ச்சேவகராக இருந்து, நொபிலியைப் போலவே இயேசு சபையில் துறவறம் பூண்டவர். முத்துக்குளித்துறையிலிருந்து வியாபாரத்திற்காக நாயக்கர் தலைநகருக்கு வந்துபோன பரதவர்களுக்குப் பூசை வைக்க வந்தவர். சிறு கோயில், ஒரு மருந்தகம், ஒரு பள்ளிக்கூடம்: இவ்வளவுதான் அந்தப் பங்கு. பதினோரு ஆண்டுகளில் உயர்குலத்தார் ஒருவரையும் மனந்திருப்ப முடியவில்லை என்பதையே வரலாற்றாசிரியர்கள் தங்கள் பெயரோடு சேர்த்து எழுதுகிறார்கள். கடற்கரையைவிட்டு வந்த ஒரு மனிதன் ஞாயிற்றுக்கிழமை பூசை காணவும், காய்ச்சல் கண்டால் மருந்து வாங்கவும் ஓர் இடம் இருந்ததை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. பங்கு என்பது முதலில் அதுதானே சுவாமி?

ஆனால் தங்கள் பக்கம் பிழையே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். கிறிஸ்தவராவதைப் ‘பரங்கிக் குலம் புகுதல்’ என்றே சொல்லிவந்தீர்கள். பரங்கி என்பது போர்ச்சுகீசியரை இவ்வூரார் இழிவாகச் சுட்டிய சொல். அந்தச் சொல் இவ்வூர்க் காதில் எப்படி விழுந்தது என்பதை 29 வயது நொபிலி வந்த சில மாதங்களில் கண்டுகொண்டார். காவி உடுத்தி, புலால் விட்டு, தனி வீடு பார்த்துக்கொண்ட அவர், 65 வயதான தங்களோடு உணவருந்துவதையும் நிறுத்தினார். ஒரே சபைத் துறவிகளுக்கு ஒரே ஊரில் இரண்டு கோயில்கள். அவருடைய கோயிலில் தங்கள் பரதவருக்கு இடமில்லை. 1610-இல் தாங்கள் நொபிலி மீது மேலிடத்திற்கு எழுதிய குற்றச்சாட்டில் கிழவரின் பொறாமையை மட்டும் காண்பவர்கள், அந்தப் பிரிவின் வலியைக் காணத் தவறுகிறார்கள் என்பது என் எண்ணம். பின்னாளில் எங்கள் கோயில்களுக்குள் சாதி கேட்ட தனி இடங்களை நினைத்தால், அந்த வலி தங்களோடு போய்விடவில்லை.

வேடிக்கை என்னவென்றால், தம்மிடம் மனந்திரும்பியவர்கள் வைத்துக்கொள்ள நொபிலி அனுமதித்த பூணூலும் குடுமியும் சமயச் சின்னங்களே என்று நிறுவுவதற்காகத் தாங்கள் 1616-இல் போர்ச்சுகீசிய மொழியில் எழுதிய சடங்கு நூல், அக்காலத்து வழக்கங்களுக்கான அரிய ஆவணமாகிவிட்டது. வழக்கில் தாங்கள் தோற்றீர்கள்: 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் நொபிலியின் முறைக்கு அனுமதி தந்தார். அதற்கு இரண்டாண்டு முன்பே தாங்கள் காலமாகிவிட்டதால், அந்தச் செய்தி தங்களை எட்டவில்லை. நூல் லிஸ்பனில் அச்சேறியதோ 1973-இல்.

இன்று கீழவெளி வீதியில் வியாகுல அன்னையின் பேராலயம் இரட்டைக் கோபுரத்தோடு நிற்கிறது. மதுரை 1938-இல் மறைமாவட்டமும் 1953-இல் உயர்மறைமாவட்டமும் ஆனது. இவையெல்லாம் மலரில் வழக்கம்போல் வந்துவிடும்.

முதல் வரியில் மட்டும் 1595 என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மெய்ப்பு பார்ப்பவர் அதைப் பிழையென்று கருதி 1606 ஆக்கிவிடாதபடி, ஓரத்தில் தங்கள் பெயரையும் சிவப்பு மையில் குறித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பழைய பங்கின் விசுவாசி ஒருவன்