பிள்ளைகளுக்கு விதி போடும் பள்ளி, தன் பக்கத்தை ஒருமுறை பார்க்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளியும் சமூக ஊடகமும் என்று யார் பேச வந்தாலும் கடைசியில் பிள்ளைகளைத் திட்டுவதில்தான் போய் நிற்கிறது. செல்போனைப் பிடுங்கு, இன்ஸ்டாகிராமை மூடு, ரீல்ஸ் பார்த்தே கெட்டுப்போகிறார்கள், இந்த வகைதான். நான் பள்ளியில் பாடம் நடத்துகிறவள். பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் கொஞ்ச காலமாக என் தலையில்தான் இருக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், சட்டச் சிக்கலில் முதலில் மாட்டப்போவது பள்ளிதான். குழந்தையின் படத்தை ஊர் பார்க்கப் போடுவது, பெயரையும் வகுப்பையும் அதன் கீழே எழுதுவது, மதிப்பெண் பட்டியலை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடுவது, இதையெல்லாம் எந்தப் பிள்ளையும் செய்யவில்லை, நாம்தான் செய்கிறோம்.

பரிசளிப்பு விழாப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பையோடு ஒரு சிறுமி நிற்கிறாள், கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. இப்போது வரும் கேமராக்கள் எடுக்கும் படத்தை இரண்டு விரலால் விரித்தால் அட்டையில் இருப்பது அத்தனையும் படிக்க வரும்: பெயர், வகுப்பு, பிரிவு, இரத்த வகை, அப்பாவின் செல்போன் எண், சில அட்டைகளில் பள்ளிப் பேருந்தின் வழித்தட எண்கூட. அட்டையில் விட்டதைக் கீழே நாமே வாழ்த்து என்ற பெயரில் எழுதிவிடுகிறோம். பள்ளி விடும் நேரத்தில் ஒருவன் வாசலில் நின்று அந்தச் சிறுமியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு "அப்பா அனுப்பினார்" என்று சொல்வதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? படம் போட்டவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, லைக் போட்ட நானூறு பேருக்கும் கிடையாது. ஆனால் அடித்துத் துன்புறுத்திய கணவனிடமிருந்து விலகி, வேறு ஊரில் குழந்தையைச் சேர்த்திருக்கும் ஒரு தாய்க்கு, தன் மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்பதே வெளியே தெரியக் கூடாத ரகசியம். அதைப் பள்ளியின் பக்கம் ஒரே படத்தில் சொல்லிவிடும். வகுப்பில் அப்படி ஒரு குழந்தை இருப்பது பக்கத்தை நடத்துகிறவருக்குத் தெரிந்திருக்கும் என்று எந்த நிச்சயமும் இல்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துகொண்டது. ஸ்பெயினில் அல்மென்ட்ராலேஹோ என்ற சிற்றூரில் 2023-ல் நடந்ததைப் பலர் படித்திருப்பீர்கள். சமூக ஊடகத்தில் இருந்த சிறுமிகளின் சாதாரணப் படங்களை எடுத்து, ஒரு செயலியில் கொடுத்து நிர்வாணப் படங்களாக மாற்றி, வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிட்டார்கள். செய்தவர்களும் பள்ளிப் பிள்ளைகள்தான், அடுத்த ஆண்டு 15 சிறார்களுக்கு நீதிமன்றம் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. அங்கே படங்கள் அந்தச் சிறுமிகளின் சொந்தப் பக்கங்களிலிருந்து போனவை, சரி. ஆனால் நேராகப் பார்க்கும் முகம், நல்ல வெளிச்சம், பெரிய அளவு, கீழே பெயர் என்று அந்தச் செயலிகளுக்குத் தேவையானதை வரிசையாக அடுக்கி வைத்திருப்பது எந்தப் பக்கம்? நம்முடையதுதான்.

"சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வாங்கியிருக்கிறோமே" என்பார்கள் நிர்வாகத்தில். எத்தனையோ பள்ளிகளின் படிவத்தில் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், பிள்ளையின் படத்தைப் பள்ளி எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று. இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று கவலையில் நிற்கும் அப்பா அதை மறுத்து அடித்துவிட்டா கையெழுத்துப் போடுவார்? இதை நான் மட்டும் கேட்கவில்லை. ஸ்வீடனில் ஷெலெஃப்டியோ என்ற ஊரின் ஒரு மேல்நிலைப் பள்ளி, வருகைப் பதிவுக்காக 22 மாணவர்களிடம் முகத்தை அடையாளம் காணும் கேமராவைச் சோதித்துப் பார்த்தது. ஒப்புதல் வாங்கித்தான் செய்தோம் என்று சொன்னார்கள். பள்ளிக்கும் மாணவனுக்கும் இடையே இருக்கும் ஏற்றத்தாழ்வில் அந்த ஒப்புதல் செல்லாது என்று சொல்லி, தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் இரண்டு லட்சம் குரோனார் அபராதம் போட்டது. விஷயம் கேமராவைப் பற்றியது என்றாலும் அந்தக் கேள்வி நம் படிவத்துக்கும் அப்படியே பொருந்தும். மறுத்தால் எதுவும் நடக்காது என்று தெரிந்தால்தான் அது ஒப்புதல்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஒத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் 1998-ல் வந்த சட்டம் 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைச் சேகரிக்கப் பெற்றோர் அனுமதி கேட்கிறது, பல செயலிகள் 13 வயது என்று சொல்வதற்கு அடிப்படை அதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் விதி 16 என்று வைத்து, வேண்டுமானால் 13 வரை குறைத்துக்கொள்ள நாடுகளுக்கு இடம் கொடுத்தது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 18 வயது ஆகாதவர் எல்லாரும் குழந்தைதான். ஆஸ்திரேலியா 2025 டிசம்பரிலிருந்து 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதையே தடுத்துவிட்டது. நிலைமை இப்படியிருக்க, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் போட்டு வாட்ஸ்அப் குழு தொடங்கி வீட்டுப்பாடம் அனுப்புகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்த வயதில் பிள்ளை தானாக அந்தச் செயலியில் கணக்குத் தொடங்கக் கூடாது என்று அதன் விதியே சொல்கிறது. பதினோரு வயதுக் குழந்தையை வயதைப் பொய் சொல்லி உள்ளே வரவைத்தது பள்ளியின் வீட்டுப்பாடம் என்றால், அப்புறம் அந்தப் பள்ளி எந்த முகத்தோடு செல்போன் ஒழுக்கம் பற்றிக் கூட்டம் போடும்?

பெற்றோர் குழுவும் அப்படித்தான். கட்டணம் பாக்கி வைத்தவர்கள் பட்டியல், தேர்வில் தவறியவர்கள் பட்டியல், "இவன் இன்று பக்கத்துப் பையனை அடித்தான்" என்று பெயரோடு ஒரு செய்தி, எல்லாம் அறுபது குடும்பங்கள் பார்க்கும் இடத்தில் வருகிறது. அங்கே எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும், யாரோ ஒருவர் நள்ளிரவில் ஒரு அம்மாவுக்குத் தனியாகச் செய்தி அனுப்பத் தொடங்குவார், எண் எங்கிருந்து கிடைத்தது என்று விசாரித்தால் பள்ளிக் குழுவிலிருந்து. அறிவிப்புக்கு மட்டும்தான் குழு என்றால், வாட்ஸ்அப்பிலேயே சேனல் இருக்கிறது, அதில் பின்தொடர்கிறவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவிலும் உறுப்பினர் எண்கள் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. செலவில்லாத மாற்றம் இது. குழுவில் யார் என்ன போட்டாலும் அட்மினைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பயந்து, பொறுப்பை ஏற்க மறுக்கும் ஆசிரியர்களையும் பார்க்கிறேன். அந்தப் பயம் தேவையில்லை. உறுப்பினர் போட்ட ஆபாசப் பதிவுக்கு, அட்மினாக இருந்த ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

உண்மையில் பயப்பட வேண்டிய இடத்தில்தான் யாரும் பயப்படுவதில்லை. ஒரு மாணவியின் அந்தரங்கப் படம் பிள்ளைகளிடையே சுற்றுகிறது என்று ஒரு ஆசிரியருக்குத் தெரியவருகிறது என்று வையுங்கள். அவர் என்ன செய்வார்? "ஆதாரம் வேண்டுமே" என்று ஒரு பிள்ளையிடம் அதைத் தனக்கு அனுப்பச் சொல்வார், தான் தலைமையாசிரியருக்கு அனுப்புவார், தலைமையாசிரியர் தாளாளருக்கு, அவர் தனக்குத் தெரிந்த வக்கீலுக்கு. நல்லெண்ணத்தில் நான்கு பெரியவர்களின் போனில் ஒரு சிறுமியின் படம் ஏறிவிட்டது. பல நாடுகளின் சட்டத்தில் அதை வைத்திருப்பதும் அனுப்புவதும்தான் குற்றமே. பார்க்காதே, நகலெடுக்காதே, சேமிக்காதே, அனுப்பாதே என்று பிரிட்டனில் பள்ளிகளுக்கான வழிகாட்டுதல் சொல்கிறது. இந்தியாவில் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் விடுவது தனிக் குற்றம், பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று நான்கு சுவருக்குள் பேசி முடிப்பதற்கு அங்கே இடமில்லை. யார் சொன்னார்கள், எப்போது, எந்தச் செயலியில், எந்தக் கணக்கிலிருந்து என்பதைத் தாளில் எழுதி வைத்து, குழந்தைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் சொல்லி, காவல்துறைக்குப் போக வேண்டும். அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு. 18 வயதுக்குள் எடுத்த படங்களைத் தளங்களிலிருந்து நீக்குவதற்கு அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான மையம் 'டேக் இட் டவுன்' என்ற சேவையை 2023 முதல் நடத்துகிறது. படம் போனைவிட்டு வெளியே போகாது, படத்திலிருந்து உருவாக்கிய ஒரு குறியீடு மட்டும்தான் போகும், அதை வைத்து, இதில் சேர்ந்திருக்கும் தளங்கள் தங்களிடம் அந்தப் படம் இருந்தால் கண்டுபிடித்து எடுக்கும். பெயர் கொடுக்கவும் வேண்டாம். எத்தனை ஆசிரியர்களுக்கு இது தெரியும்?

அதேபோல, சம்பவம் வெளியே வந்ததும் "பாதிக்கப்பட்ட எங்கள் பத்தாம் வகுப்பு மாணவிக்குத் துணை நிற்போம்" என்று பள்ளியின் பக்கத்தில் உருக்கமாக ஒரு பதிவு வரும். பாதிக்கப்பட்ட குழந்தை யார் என்று தெரியவைக்கும் எதையும், படிக்கும் பள்ளியின் பெயர் உட்பட, வெளியிடக் கூடாது என்பது இந்தியச் சட்டம். பள்ளி தன் சொந்தப் பக்கத்தில் இப்படி எழுதினால், பெயர் போடாவிட்டாலும் ஊருக்கே புரிந்துவிடுமே.

இனி தண்டனை விஷயம். வீட்டிலிருந்து, விடுமுறை நாளில், மாணவன் பள்ளியைப் பற்றி ஏதோ எழுதிவிட்டான் என்று அவனை நீக்கக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில், விளையாட்டுப் போட்டிகளில் ஆடிப்பாடி உற்சாகமூட்டும் பள்ளியின் சியர்லீடர் அணியில் விரும்பிய இடம் கிடைக்காத ஒரு மாணவி, ஒரு சனிக்கிழமை கடையில் இருந்தபடி ஸ்னாப்சாட்டில் கெட்ட வார்த்தையில் திட்டிப் போட்டாள். பள்ளி ஓராண்டு அணியிலிருந்து விலக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021-ல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மாணவிக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் கடுமையான கேலித் துன்புறுத்தல், ஆசிரியருக்கோ சக மாணவருக்கோ மிரட்டல் என்றால் வளாகத்துக்கு வெளியே என்றாலும் பள்ளி தலையிடலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. எனக்கு இது நியாயமான கோடாகத்தான் படுகிறது. பள்ளிச் சாப்பாடு நன்றாக இல்லை என்று எழுதியவனையும், சக மாணவியைப் பற்றி அசிங்கமாக எழுதியவனையும் ஒரே விதியில் தண்டித்தால் இரண்டாமவன் செய்தது சின்ன விஷயமாகிவிடும்.

குறை சொல்லும் பெற்றோரை பிளாக் செய்வதும் இதோடு சேர்ந்ததுதான். கலிபோர்னியாவில் பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினர்கள் இருவர் அப்படி பிளாக் செய்தது உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது, தெரியுமா? சொந்தக் கணக்கா பதவிக் கணக்கா என்ற குழப்பத்தில்தான் அது அத்தனை தூரம் போனது. ஆசிரியர்களும் இரண்டையும் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

நான் நிர்வாகத்திடம் கேட்பது பெரிய திட்டமெல்லாம் இல்லை. படம் எடுக்கும் முன் அடையாள அட்டையைச் சட்டைக்குள் விடச் சொல்லுங்கள். முகம் இருந்தால் பெயர் வேண்டாம், பெயர் இருந்தால் முகம் வேண்டாம். அறிவியல் சோதனை செய்யும் கைகளும், வரைந்த ஓவியமும், முதுகுப் பக்கமாக எடுத்த கூட்டமும் விழாவைக் காட்டப் போதும். சுற்றுலாப் படங்களைத் திரும்பி வந்தபின் போடுங்கள், இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்று நேரலையில் சொல்ல வேண்டாம். ஒப்புதலை ஆண்டுதோறும் தனித் தாளில் கேளுங்கள், அறிவிப்புப் பலகைக்கு ஒரு கட்டம், ஃபேஸ்புக்குக்கு ஒரு கட்டம், விளம்பரத்துக்கு ஒரு கட்டம் என்று, பிறகு மனம் மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதி. கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் அவர்களிடமும் கேளுங்கள், பெற்றோர் சரி என்றாலும் தன் படம் வேண்டாம் என்று சொல்லும் பதினைந்து வயதுக்காரி இருக்கத்தான் செய்வாள். ஆசிரியரின் சொந்த போனில் பிள்ளைகள் படம் தங்கக் கூடாது, அது தானாகவே அவர் குடும்பம் முழுக்கப் பார்க்கும் கிளவுடுக்குப் போய்விடுகிறது. பக்கத்தின் பாஸ்வேர்டு ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது, அவர் வேலையை விட்டுப்போன மறுநாள் தெரியும் அருமை. மாணவரோடு தனிச் செய்தி, இரவு எத்தனை மணியானாலும் பாடச் சந்தேகம்தான் என்றாலும், வேண்டாம், அது ஆசிரியருக்கும் பாதுகாப்பு.

பழைய பதிவுகளையும் யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். படித்து முடித்துப் போன பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பிக்கும் வயதில், மூன்றாம் வகுப்பு மாறுவேடப் போட்டிப் படம் பெயரோடு தேடலில் வந்து நிற்கிறது.

கடைசியாக உங்களுக்கே ஒரு வேண்டுகோள். பள்ளிகளின் பக்கங்களிலிருந்து படங்களை எடுத்து செய்தித்தாள்களும் போடுகின்றன, பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் சேர்த்து. அடுத்த முறை ஒரு பள்ளி உங்களுக்குப் படம் அனுப்பும்போது, பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் இருக்கிறதா என்று உங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்கட்டும். இல்லை என்று பதில் வந்தால் அந்தப் படத்தைப் போடாமல் விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியை