வேலிக்கு இந்தப் பக்கம்

சேலம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணுக்கு,

போன வாரம் போனில் நீ சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்துவிட்டேன். பள்ளியில் உன்னை 'ரோடு ரோலர்' என்று கூப்பிட்ட பெண்ணைப் பெங்களூரில் பார்த்தாயாம், அவளைவிட உனக்குச் சம்பளம் அதிகமாம். "இப்ப யாருப்பா ஜெயிச்சது?" என்றாய். போனை வைத்த பிறகுதான் உறுத்தியது. அந்தக் கேள்வியை உனக்குப் பழக்கியதே நான்தான்.

எட்டாவதில் 400 மீட்டர் ஓடினாயே, நீ வந்து சேர்வதற்குள் நாடாவைச் சுருட்டிவிட்டார்கள். நாலு பெண்கள் வண்டி உறுமுவது மாதிரி சத்தம் போட்டார்கள். பி.டி. மாஸ்டரும் சேர்ந்து சிரித்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். 'இவள் அப்பா இவர்தான்' என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று கூசிப்போய் நின்றேன், கண்ணு. இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

ராத்திரி நீ அழுதாய். மறுநாள் பள்ளிக்குப் போய்ப் பேசியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு ஒரு பேப்பர் துண்டை எடுத்து நீட்டினேன். நம்ம பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டும் போட்டியில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கிய செய்தி. "அஞ்சு வயசுல பஸ் ஏறிக் கால் நசுங்கின பையன். நீயும் ஜெயிச்சுக் காட்டு" என்றேன். "ஜெயிக்கலைன்னா அவர் பேப்பர்ல வந்திருப்பாராப்பா?" என்று கேட்டாய். எதிர்த்துப் பேசாதே என்று அதட்டினேன். வேறு என்ன தெரியும் எனக்கு.

அப்புறம் அவர் டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளி, 2024 பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம். "இறங்கிக்கிட்டே வர்றாப்ல" என்றான் பட்டறையில் ஒருவன். கொலுசை எடை போட்டே பிழைக்கிறவன் நான், அரை கிராம் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். ஆனாலும் எட்டு வருஷம் ஒரு மனுஷன் விடாமல் தாண்டிக்கொண்டிருந்ததை எந்தத் தட்டில் வைப்பது?

உன் சம்பளத்தில் எனக்கும் பெருமைதான், பொய் சொல்ல மாட்டேன். நாளைக்கு அவளுக்குக் கூடிவிட்டால் மறுபடி அந்த மைதானத்துக்குப் போய் நிற்பாயா?

பேச்சோடு பேச்சாக இன்னொன்று சொன்னாய். சாயங்காலம் பார்க்கில் தனியாக ஓடுகிறாயாம், மணி பார்ப்பதில்லையாம். தீபாவளிக்கு வரும்போது அந்த ஷூவையும் கொண்டு வா. ஏற்காடு அடிவாரம் வரை வண்டியில் கூட்டிப்போகிறேன். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, என் முட்டி மூன்றாவதற்கே தாங்காது. நீ முடிந்த மட்டும் ஏறிவிட்டு இறங்கி வா. வரும் வழியில் தட்டுவடை செட் சாப்பிடலாம். அம்மாவிடம் சொல்லாதே.

அப்பா