லீட் விக்கற கம்பெனிக்காரங்களுக்கு ஒரு தோட்ட வேலைக்காரனோட மடல்

வணக்கமுங்க. நான் கோயமுத்தூர்ல லேண்ட்ஸ்கேப்பிங் பண்றவன். என்னையும் சேத்து அஞ்சு பேரு, ஒரு பழைய டாடா ஏஸ், அவ்ளோதான் கம்பெனி. லான் போடறது, செடி வெக்கறது, சொட்டு நீர் பைப் இழுக்கறது, அப்பறம் மாசம் ரெண்டு தடவ போயி புல்லு வெட்டி உரம் போட்டு பாத்துக்கறது. இத ஒருத்தர மட்டும் மனசுல வெச்சு எழுதலீங்க, லீட்னு சொல்லி காசு வாங்கிட்டு கஸ்டமர் நம்பர் குடுக்கற எல்லாருக்கும்தான், ஏன்னா இதே தொழில்ல இருக்கற என் கூட்டாளிங்க நாலு பேரு நாலு எடத்துல பணம் கட்டிட்டு ஒரே கதையத்தான் சொல்றாங்க.

போன வருஷம் உங்க ஆள் ஒருத்தர் நேர்ல வந்தாரு. ஆறு மாச பேக்கேஜ் 30,000, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, மொத்தம் 35,400. எல்லாமே ரெடி பார்ட்டி சார், போன் எடுத்தா வேலைன்னு சொன்னாரு. எனக்கு அப்ப சைட் கம்மியா இருந்துச்சு, பசங்களுக்கு வாரக்கூலி குடுக்கணும், கட்டிட்டேன். வந்த ஒவ்வொரு நம்பரையும் ஒரு நோட்ல எழுதி வெச்சேன். ஆறு மாசத்துல 64 வந்துச்சு. அதுல 19 பேரு போனே எடுக்கல. 9 பேரு தோட்டக்காரன் வேலை இருக்கான்னு நம்மகிட்ட கேக்கறவங்க. 8 பேரு பால்கனிக்கு பிளாஸ்டிக் புல் வேணும்னு கேட்டாங்க, அது நான் பண்றதே இல்ல, சேரும்போதே சொல்லி இருந்தேன். 7 பேரு ஈரோடு, கரூர் பக்கம். 10 பேரு ஏற்கனவே வேற ஆளுக்கு குடுத்துட்டாங்க. மிச்சம் 11 எடத்துக்கு நேர்ல போயி டேப் புடிச்சு அளந்து கொட்டேஷன் குடுத்து, கெடச்சது ரெண்டு வேலை. ஒரு வேலைக்கு 17,700 ரூபா உங்களுக்கு போயிருக்கு. 600 சதுர அடி லான் போட்டா என் கையில நிக்கறது ஆறாயிரமோ ஏழாயிரமோதான்.

பணம் போனத விட எனக்கு வலிக்கறது வேற. ஒரே நம்பர எத்தன பேருக்கு குடுக்கறீங்கன்னு நீங்க சொல்றதே இல்ல. வடவள்ளில ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா, நான் மெசேஜ் வந்து பத்து நிமிஷத்துல கூப்பிட்டேன், நீங்க ஏழாவது ஆளு தம்பி, நான் சும்மா ரேட் பாக்கலாம்னுதான் நம்பர் போட்டேன், மதியம் கண்ண மூட முடியலன்னு அழாத குறையா சொன்னாங்க. அவங்ககிட்ட நான் என்னத்த வேலைய பத்தி பேசறது, மன்னிப்பு கேட்டுட்டு வெச்சுட்டேன்.

ஏழு பேரு ஒரே வாசல்ல நின்னா பேச்சு சதுர அடி ரேட்டுல வந்துதான் நிக்கும், அங்கதாங்க வேலையே கெட்டுப்போகுது. புது வீடுன்னா காம்பவுண்டுக்குள்ள பூரா சிமெண்ட் கட்டி, செங்கல் துண்டு, ஜல்லி. அத அரை அடியாவது தோண்டி எடுத்துட்டு, சலிச்ச செம்மண்ணு, மணல், மக்குன தொழு உரம் கலந்து போட்டு, தண்ணி வடியற மாதிரி வாட்டம் பாத்து, கோரைக்கிழங்க கையால பொறுக்கி எடுத்து, அதுக்கு மேலதான் புல்ல வெக்கணும். ரேட்ட கொறைக்கணும்னா கஸ்டமர் கண்ணுக்கு தெரியற புல்லுல கொறைக்க முடியாது, மண்ணுலதான் கை வெப்பாங்க. குப்பை மேலயே ரெண்டு இஞ்ச் மண்ண தூவி மெக்சிகன் கிராஸ விரிச்சா பத்து நாளைக்கு பச்சப்பசேல்னுதான் இருக்கும், போட்டோவும் எடுத்து உங்க ஆப்ல அஞ்சு ஸ்டார் வாங்கிரலாம். மூணாவது மாசம் கோரை கெளம்பும், மேல புடுங்க புடுங்க அடியில இருக்கற கிழங்கு திரும்ப முளைக்கும், கடைசில மொத்தத்தையும் கொத்தி எடுக்கணும். அந்த வீட்டுக்காரரு அதுக்கப்பறம் தோட்டம்ங்கற வார்த்தையையே எடுக்க மாட்டாரு.

உங்க ஃபார்ம்ல பேரு, நம்பர், லேண்ட்ஸ்கேப்பிங், இவ்வளவுதான் இருக்கு. எத்தன சதுர அடி, எந்த ஏரியா, சொந்த வீடா, எப்ப வேலை ஆரம்பிக்கணும்னு கேளுங்க. வெயில் எத்தன மணி நேரம் விழுதுன்னு கேளுங்க, மாமரத்து நெழலுக்கு மெக்சிகன் நிக்காது, பஃபலோ கிராஸ் போடணும். தண்ணி எங்கிருந்துன்னு கேளுங்க, கோடையில ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு லிட்டர் வேணும், 600 சதுர அடிக்கு 280 லிட்டர் வந்துரும், லாரி தண்ணி வாங்கற வீட்டுல நானே லான் வேண்டாம், செடியும் கூழாங்கல்லுமா பண்ணலாம்னுதான் சொல்லுவேன். இந்த ஆறு கேள்விக்கு பதில் சொல்றவரு நெஜமாவே வேலை குடுக்கப் போறவரு. என்கொயரி எண்ணிக்கை பாதியா கொறையும்னு உங்களுக்கு பயமா இருக்கலாம், கொறையட்டும், அந்த பாதிக்கு நான் கூடுதலாவே காசு தர்றேன்.

இது நம்மூரு பிரச்சனை மட்டும் இல்ல. அமெரிக்காவுல உங்கள மாதிரியே லீட் விக்கற ஹோம்அட்வைசர்ங்கற கம்பெனி மேல, வியாபார ஏமாத்து வேலைய தடுக்கற அங்கத்த அரசு அமைப்பு எஃப்டிசி 2022 மார்ச்சுல நடவடிக்கை எடுத்துச்சு, வேலை குடுக்க தயாரா இருக்கறவங்க நம்பர்னு சொல்லி வித்தது உண்மை இல்லங்கறதுதான் முக்கியமான குத்தச்சாட்டு, 2023ல 72 லட்சம் டாலர் வரைக்கும் கட்ட ஒத்துக்கிட்டாங்க. நம்ம நாட்டுலயும் 2023 நவம்பர்ல டார்க் பேட்டர்ன்னு, அதாவது ஆப்லயும் வெப்சைட்லயும் கஸ்டமர ஏமாத்தற தந்திரம், 13 வகைய தடை பண்ணி வழிகாட்டுதல் வந்துச்சு, சேர்றது சுலபமாவும் விலகறது கஷ்டமாவும் வெக்கற சப்ஸ்கிரிப்ஷன் ட்ராப் அதுல ஒண்ணு. நான் நிறுத்தணும்னு சொல்லி நாலு தடவ போன் பண்ணேன், ஒவ்வொரு தடவையும் வேற ஆளு, வேற ஆஃபரு, கடைசில பேங்க்குக்கே போயி, என் கணக்குல இருந்து தானா பணம் எடுக்கற மேண்டேட்ட நிறுத்துனேன், அரை நாள் வேலை போச்சு.

லீட் விக்கறதே தப்புன்னு நான் சொல்லலீங்க. மேஸ்திரி பழக்கம், இஞ்சினியர் பழக்கம், நர்சரிக்காரரு பழக்கம் எல்லாம் பத்து வருஷம் ஓடுன எனக்கு இருக்கு. ஹார்ட்டிகல்ச்சர் படிச்சுட்டு புதுசா தொழில் ஆரம்பிக்கற பையனுக்கு யாரையும் தெரியாது, அவனுக்கு நீங்க வேணும். அவன்தான் நகைய அடகு வெச்சு உங்களுக்கு கட்டறான். அவன்கிட்ட பணம் வாங்கறதுக்கு முன்னாடி, ஒரு நம்பர் எத்தன பேருக்கு போகும், போன் எடுக்காத நம்பருக்கும் வேற ஊரு நம்பருக்கும் கணக்குல என்ன திருப்பி வரும், எந்த பட்டன அமுக்குனா நிக்கும், இந்த மூணையும் எழுத்துல, தமிழ்ல குடுங்க. மூணு பேருக்கு மேல ஒரு நம்பர குடுக்காதீங்க.

என் நோட்டு இன்னும் இருக்கு, 64 பேருக்கும் தேதியும் என்ன ஆச்சுங்கறதும் எழுதி இருக்கேன். உங்கள்ல யாருக்காவது பாக்கணும்னா ஞாயித்துக்கெழம நான் வீட்டுலதான் இருப்பேன், வாங்க, உக்காந்து ஒவ்வொண்ணா காட்டறேன்.