குடில் போட்டியின் விதிகளைத் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ் நெருங்கும் இந்நாட்களில் வேலூர், காட்பாடி, குடியாத்தம் பகுதி ஆலயங்கள் பலவற்றில், இயேசு பிறந்த தொழுவத்தைச் சிறிதாக அமைத்துக் காட்டும் குடில் போட்டியும் நட்சத்திரப் போட்டியும் அறிவிக்கப்படுகின்றன. அப்போட்டிகளின் விதிகளில் தெர்மாகோலை விலக்கி வீட்டார் கைவேலைக்கு மதிப்பளிக்கும் ஒரு சிறு திருத்தம் வேண்டியும், அத்திருத்தம் வந்தால் வீட்டில் இருக்கும் எவற்றைக் கொண்டு அலங்காரம் செய்யலாம் என்பதைச் சொல்லியும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பரிசு பெரும்பாலும் பெரிய குடிலுக்கே போகிறது. பெரிதாகக் கட்டுவதற்கு எளிதான பொருள் தெர்மாகோல் என்பதால், அறிவிப்பு வந்ததுமே ஸ்டேஷனரி கடைகளில் அது பலகை பலகையாக விற்கிறது. அலங்காரத்துக்கான தெர்மாகோல், ஒருமுறை மட்டுமே பயன்படும் பிளாஸ்டிக் பொருட்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டு, 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது என்பதை விற்பவரும் அறிந்ததாகத் தெரியவில்லை, வாங்குபவரும் அறிந்ததாகத் தெரியவில்லை. அதன் பருமனில் 95 விழுக்காட்டுக்கு மேல் வெறும் காற்றுதான். ஆகவே பழைய பேப்பர் கடைக்காரர் அதை எடைக்கு எடுத்துக்கொள்வதில்லை. விழா முடிந்து உடைத்துப் போட்டால் துணுக்குத் துணுக்காகப் பறந்து, சாக்கடையில் விழுந்து, நிக்கல்சன் கால்வாய் வழியே பாலாற்று மணலைச் சென்றடைகிறது.

1223ஆம் ஆண்டில் இத்தாலியின் கிரேச்சோ என்னும் மலையூரில் அசிசியின் பிரான்சிஸ் குடில் அமைத்து இவ்வழக்கத்தைத் தொடங்கி வைத்தபோது, அவர் தேடியவை வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டியும், ஒரு மாடும், ஒரு கழுதையுமே. பழையதை மறுபடி பயன்படுத்துவதும் திருச்சபைக்குப் புதிதன்று. குருத்து ஞாயிறன்று வாங்கிச் சென்ற ஓலைகளை அடுத்த ஆண்டு திரும்பப் பெற்று எரித்து, அந்தச் சாம்பலைத்தான் கத்தோலிக்க ஆலயங்களில் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசுகிறார்கள். இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பெத்லகேம் யூதேயக் குன்றுகளின் மேல், பாலைவனத்தின் விளிம்பில் அமைந்த ஊர். அதற்குப் பஞ்சால் பனி போர்த்துவதைவிட, கரிகிரிப் பக்கத்துப் பாறைக் குன்றுகளைப் பார்த்து ஒரு மலை செய்தால் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

அந்த மலையைச் செய்யப் பழைய செய்தித்தாளே போதும். தாளைக் கசக்கி உருண்டைகளாக அடுக்கி, அதன்மேல் பசையில் தோய்த்த தாள் கீற்றுகளை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டி வெயிலில் காயவிட்டால், கையால் தட்டினாலும் அசையாத ஓடு கிடைக்கும். செம்மண்ணையும் அடுப்புக் கரியையும் தண்ணீரில் குழைத்துப் பூசினால் தனியாகச் சாயம் வேண்டியதில்லை. பசைக்கு மைதா மாவைக் காய்ச்சலாம். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து, அரைத்துக் காய்ச்சினால் அதைவிட உறுதியாகப் பிடிக்கும். சுவரொட்டிப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பது வழக்கம். அது நஞ்சு என்பதால் பிள்ளைகள் கை வைக்கும் பசையில் அதைச் சேர்க்கவே கூடாது. டிசம்பர் மாதமாதலால், தேதி கிழிக்கும் காலண்டரின் அட்டை எப்படியும் சுவரை விட்டு இறங்கப் போகிறது. தொழுவத்தின் சுவர்களுக்கு அதுவே ஏற்ற கனம். கூரைக்குப் பனையோலையோ வைக்கோலோ வேயலாம். பிளாஸ்டிக் புல்விரிப்புக்கு மாற்று நம் மாவட்டத்துத் தானியமான கேழ்வரகு. ஓரிரவு ஊறவைத்து, டிசம்பர் இரண்டாம் வாரத்தில், அகலமான தட்டில் பரப்பிய மண்ணில் நெருக்கமாகத் தூவி, நாள்தோறும் தண்ணீர் தெளித்து வந்தால் 24ஆம் தேதிக்குள் பசும்புல்லாக எழுந்து நிற்கும். முளைப்பாரி வளர்த்துப் பழகிய பாட்டிமார் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை.

நட்சத்திரம் இதைவிடச் சற்றுக் கைத்திறன் கேட்கும். ஒரே நீளமுள்ள பத்து மூங்கில் பிளாச்சுகளைச் சீவி, ஐந்தைந்தாக இரண்டு தட்டை நட்சத்திரங்கள் கட்டி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஐந்து முனைகளிலும் நூலால் இறுக்க வேண்டும். பிறகு உட்பக்கத்தில் பிளாச்சுகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களிலும் சிறு குச்சி ஒவ்வொன்றை நெம்பிச் செருகினால், தட்டையாய்க் கிடந்தது இருபுறமும் புடைத்துக்கொள்ளும். அதன்மேல் பட்டம் விடும் வண்ணத்தாளை ஒட்டினால் வேலை முடிந்தது. சிறியதாகப் போதும் என்றால் தேய்ந்த தென்னந்துடைப்பத்தின் ஈர்க்குகளே போதும். உள்ளே குறைந்த வாட் எல்.இ.டி. பல்புதான் போட வேண்டும். பழைய குண்டு பல்பு சூடேறித் தாளைக் கருக்கிவிடும், மெழுகுவத்தியோ நினைக்கவே கூடாதது. மார்கழிப் பனியில் தாள் தொய்ந்துவிடும் என்பதால் திறந்த மாடியைவிடத் தாழ்வாரத்தில் தொங்கவிடுவது நல்லது. ஒவ்வோர் ஆண்டும் தாளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்; மூங்கில் கூடு பரண்மேல் பத்திரமாக இருக்கும்.

எல்லா வீட்டிலும் கட்டுக்கட்டாகத் தேங்கும் இன்னொரு பொருள் கல்யாணப் பத்திரிகை. கெட்டியான அட்டை, பொன்னிற அச்சு, பட்டுக் கயிறு என எல்லாம் அதிலேயே இருக்கின்றன. ஒரு வளையலை வைத்து வரைந்து இருபது வட்டங்கள் வெட்டிக்கொண்டு, ஒவ்வொரு வட்டத்தின் ஓரத்தையும் மூன்று பக்கம் மடித்து நடுவில் சமபக்க முக்கோணம் வரச் செய்ய வேண்டும். மடிப்போடு மடிப்பு ஒட்டி, ஐந்து முக்கோணங்களால் மேல்மூடியும், ஐந்தால் கீழ்மூடியும், பத்தால் நடுப்பட்டையும் செய்து இணைத்தால் கைக்கு அடக்கமான ஓர் உருண்டை உருவாகும். சவுக்குக் கிளையில் இதைத் தொங்கவிட்டால், கடையில் விற்கும் மினுக்குத்தூள் பூசிய பிளாஸ்டிக் உருண்டைகளை யாரும் தேட மாட்டார்கள். அந்தத் தூள் பெரும்பாலும் நுண்ணிய பிளாஸ்டிக்தான்; தளர்வான பிளாஸ்டிக் மினுக்குத்தூள் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலேயே தடை செய்துவிட்டது. பத்திரிகையில் பிள்ளையார் படமோ வேறு தெய்வப் படமோ இருந்தால், அப்பகுதியில் கத்தரிக்கோல் படாமல் தனியே எடுத்து வைப்பது, அழைப்புத் தந்த அண்டை வீட்டாருக்கு நாம் செய்யும் மரியாதை.

குடியாத்தத்துத் தறிகளில் கழியும் நூல், ஆரணிப் புடவையின் நைந்த ஜரிகைக் கரை, ஆம்பூர்க் காலணித் தொழிலில் மிஞ்சும் தோல் துண்டு என்று பழைய வட ஆற்காடு எங்கும் கைவேலைக்கு உதவும் பொருட்கள் உண்டு. தோல் துண்டைச் சிறுவர் கத்தரிக்கோல் வெட்டாது. பெரியவர்கள் வெட்டித் தர வேண்டும்.

வீட்டில் செய்தது எளியதாகத் தெரியும், பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்னும் தயக்கம் நடுத்தரக் குடும்பங்களில் இருக்கிறது. போட்டியில் பரிசு கிடைத்துவிட்டால் அத்தயக்கம் தானே போய்விடும் என்பது என் எண்ணம். நடைபாதையில் நட்சத்திரம் விற்றுப் பிழைப்பவர்களின் வருமானம் என்னாவது என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. மூங்கில் பிளாச்சையும் வண்ணத்தாளையும் ஓலையையும் அவர்களே விற்கலாம். கூடை முடைபவர்களுக்கும் ஒரு மாத வேலை கிடைக்கும்.

விழா முடிந்த பிறகு நடப்பதையும் சொல்லியாக வேண்டும். ஜனவரி 6ஆம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் அலங்காரங்களை இறக்குகிறோம். அடுத்த வாரமே போகி வருகிறது. தெருப் பிள்ளைகள் வீடு வீடாகப் பழையன கேட்கும்போது, நம் வீட்டுத் தெர்மாகோலும் பி.வி.சி. மரமும் அந்தத் தீயில் போய்ச் சேர்கின்றன. தெர்மாகோல் கரும்புகையாக எரிகிறது, பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் டையாக்சின் என்னும் நச்சும் வெளிப்படுகின்றன. குரோமியத்தால் பதனிட்ட தோலையும் எரிக்கக் கூடாது. வைக்கோலும் ஓலையும் கேழ்வரகுப் புல்லுமானால் மாட்டுக்குப் போடலாம், அல்லது எருக்குழியில் தள்ளலாம்.

ஆகவே ஆயர்களும், பங்குத்தந்தையரும், வாலிபர் சங்கத்தினரும் இவ்வாண்டுப் போட்டி அறிவிப்பிலேயே தெர்மாகோல் பயன்படுத்திய குடில்கள் ஏற்கப்படமாட்டா என்று அச்சிட வேண்டும். மதிப்பெண்ணில் பாதியை மறுபயன்பாட்டுப் பொருளுக்கும் வீட்டார் கைவேலைக்கும் ஒதுக்க வேண்டும். அளவுக்கு ஓர் உச்சவரம்பு வைக்க வேண்டும். மாநகராட்சி சுகாதாரப் பிரிவினர் நவம்பர் கடைசியிலேயே கடைகளைப் பார்வையிட்டால் நலம். தங்கள் நாளிதழும் கிறிஸ்துமஸ் நாளில் குடில் படங்களை வெளியிடும்போது, குடில் எந்த ஆலயத்தைச் சேர்ந்தது என்பதோடு எந்தப் பொருட்களால் செய்யப்பட்டது என்ற ஒரு வரியையும் படத்தின் கீழ்ச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கைத்தொழில் ஆசிரியை,
காட்பாடி.