பசிக்காத சிவராமன்

கேம்பிரிட்ஜ்,
டிசம்பர் மாதக் கடைசி

அன்புள்ள ராகவனுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீ, மீனாட்சி, அம்மா எல்லோரும் நலமென்று நம்புகிறேன். தீபாவளிக்கு நீ எழுதியதற்கு இன்னும் பதில் போடாத என்னை என்னவெல்லாம் சொல்லித் திட்டியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதையெல்லாம் வாங்கிக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். சிவராமன் தனக்குப் பசிக்கவில்லை என்று சொன்னான். ஆம், நம் சிவராமன்தான். மெஸ் மாமி சோற்றுக் குண்டானை ஒளித்து வைக்கக் காரணமாயிருந்த அதே ஆள், சென்ற ஞாயிற்றுக்கிழமை நார்ஃபோக் பக்கத்து வயல்வெளிச் சாலையொன்றில் சைக்கிளோடு நின்றபடி, நான் நீட்டிய பொடி இட்லியை வேண்டாமென்று தள்ளினான். அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இந்த ஊரில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கான ஆடாக்ஸ் யுகே அமைப்பில், மாதம் தவறாமல் 12 மாதங்கள், மாதத்துக்கு ஒரு 200 கிலோமீட்டராவது ஓட்டி முடிப்பவர்களுக்கு ஒரு விருது உண்டு. அதில் டிசம்பருக்கும் விலக்கு கிடையாது. பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். பகல் வெளிச்சமோ 8 மணி நேரம்கூட இல்லை. ஆகவே இருட்டில் கிளம்பி ஈலி, டவுனம் மார்க்கெட், கிங்ஸ் லின் வழியாக ஹன்ஸ்டன்டன் கடற்கரையைத் தொட்டு இருட்டிலேயே திரும்புவதென்று நானும் சிவராமனும் முடிவு செய்தோம். வழியில் பெரும்பகுதி ஃபென்ஸ் என்னும் தட்டை நிலம். சில இடங்களில் கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் சதுப்பைப் பழைய காலத்தில் வடித்து வயலாக்கியிருக்கிறார்கள். மேடு இல்லை என்று நீ பொறாமைப்பட வேண்டாம். காற்றைத் தடுக்க ஒரு மரம்கூட இல்லாத இடத்தில், எதிர்க்காற்று எந்த மலைக்கும் குறைந்ததில்லை.

போகும்போது சிவராமன் உற்சாகமாகத்தான் இருந்தான். ஆனால் கிங்ஸ் லின்னில் நிறுத்தியபோது அவன் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். காலையில் நிரப்பியது அப்படியே இருந்தது. கேட்டால், தாகமே எடுக்கவில்லை என்றான். இரண்டாவது காரணத்தைக் கொஞ்சம் தயங்கிச் சொன்னான்: குடித்தால் ஒதுங்க வேண்டியிருக்கும், நான்கு அடுக்கு உடையைக் கழற்றி அந்தக் காற்றில் நிற்பதற்குக் குடிக்காமலே இருந்துவிடலாமாம். நான் இதில் அஞ்சுவது முதல் காரணத்தைத்தான், ஏனென்றால் அவன் பொய் சொல்லவில்லை. குளிரில் தோலுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்தம் உடலின் நடுப்பகுதியில் சேர்ந்துகொள்கிறது. உடம்பில் நீர் மிகுந்துவிட்டதாக எண்ணி சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. தாக உணர்வும் மட்டுப்படுகிறது. இதற்கிடையே மூச்சுக்கு மூச்சு வறண்ட காற்றை நனைத்து அனுப்புவதிலும், கம்பளிக்குள் யாருக்கும் தெரியாமல் வியர்ப்பதிலும் நீர் போய்க்கொண்டே இருக்கிறது. கோயம்புத்தூர் வெயிலில் நாக்கு வறண்டு உனக்கு எச்சரிக்கை கொடுக்கும். இங்கே அந்த எச்சரிக்கையே வருவதில்லை.

திரும்பும் வழியில், டவுனம் மார்க்கெட்டை நெருங்குகையில், அவன் பேச்சு குழறத் தொடங்கியது. கையுறைக்குள் விரல்கள் ஒரு மிட்டாய்க் காகிதத்தைக்கூடப் பிரிக்க முடியாமல் தடுமாறின. அந்த ஊருக்குச் சற்றுத் தள்ளி விஸ்ஸிங்டனில், பிரிட்டனிலேயே மிகப் பெரிய பீட்கிழங்குச் சர்க்கரை ஆலை இருக்கிறது. குளிர்காலம் முழுதும் அதற்குக் கிழங்கு ஏற்றிச் செல்லும் லாரிகள் சாலையைச் சேறாக்கி வைத்திருக்கும். அப்பேர்ப்பட்ட சர்க்கரைச் சீமையில் ஒருவன் உடம்பில் சர்க்கரை தீர்ந்து நிற்கிறான் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. தசையிலும் கல்லீரலிலும் நாம் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து மொத்தமே ஏறத்தாழ 400 முதல் 500 கிராம்தான். மிதிப்பது போதாதென்று நடுங்குவதற்கும் அதே கையிருப்பிலிருந்துதான் செலவு. பெட்ரோல் பங்க் ஒன்றில் அவனை உட்கார வைத்து, ஈரமான உள்சட்டையை மாற்றி, சர்க்கரை மிகுதியாகப் போட்ட தேநீரும் வாழைப்பழமும் கொடுத்தேன். பெரிய கடைகள் ஞாயிறன்று 6 மணி நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாதென்று 1994இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். மாலை 4 மணிக்குமேல் பெட்ரோல் பங்க்தான் நமக்கு அன்னசத்திரம். பேச்சு தெளிந்த பிறகும் நான் அவனை ஓட்ட விடாமல் கேம்பிரிட்ஜ் ரயிலில் ஏற்றிவிட்டேன். நல்லவேளையாக அங்கிருந்து கேம்பிரிட்ஜ் வரை ரயில் தடம் கூடவே வருகிறது. பெட்ரோல் பங்க்குக்கு வந்த ஒரு புண்ணியவான் பிராந்தி கொடுத்தால் சூடேறும் என்றார். மது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே விடுமே தவிரக் காக்காது என்று அவரிடம் நான் வாதாடவில்லை. நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன்.

இதை உனக்கு இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் உண்டு. ஜனவரியில் விடியுமுன் மேட்டுப்பாளையத்தில் கிளம்பி ஊட்டிக்கு ஏறப்போவதாக நீ எழுதியிருந்தாய். கிளம்பும்போது வியர்வை வழியும். போய்ச் சேரும் 2,240 மீட்டர் உயரத்திலோ, ஊட்டிக்குப் பக்கத்துத் தலைக்குந்தாப் புல்லில் அதிகாலையில் உறைபனி கிடக்கும் அளவுக்குக் குளிர். நீயோ சிவராமனைக் காட்டிலும் குறைவாகத் தண்ணீர் குடிக்கிற ஆள். ஆகவே கைக்கடிகாரத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடிக்கும்படி வைத்துக்கொள். மணி அடித்தால் தாகமிருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு வாய் தண்ணீரும் ஒரு வாய் உணவும் உள்ளே போக வேண்டும். மணிக்கு 50, 60 கிராம் மாவுச்சத்து என்பது கணக்கு; நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் கிடைக்கும்.

என்ன உணவு என்று கேட்பாய். இதில் எனக்குப் பிடிவாதமான கருத்துகள் உண்டு. கடையில் விற்கும் சாக்லேட் கட்டிகள் குளிரில் கல்லாகிவிடும். கடலை மிட்டாயும் அப்படியே, பல்லுக்கு நான் பொறுப்பல்ல. பேரீச்சம்பழம் இந்தக் குளிரிலும் அவ்வளவாக இறுகாது. சோறு ஆறினால் விறைக்கும் என்றாலும், நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றிய புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய குட்டி இட்லியும் உடம்போடு ஒட்டிய உள்பையில் இருந்தால் மாலைவரை தாங்குகின்றன. தேங்காய் எண்ணெயும் நெய்யும் வேண்டவே வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கி, வாயில் மெழுகாக ஒட்டும். எதையும் முன்கூட்டியே பிரித்து, ஒரு வாய் அளவுக்கு வெட்டிக் காகிதத்தில் தளர்வாகச் சுற்றிக்கொள். மரத்த விரலுக்கு அதற்குமேல் திறமை கிடையாது.

குடிப்பதற்குப் பானகம், அதுவும் சூடாக. வெல்லமும் சுக்கும் ஏலமும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொள். சர்க்கரை, உப்பு, நீர் மூன்றும் ஒரே மிடறில் வந்துவிடுகின்றன. விலை கூடிய பொடிப் பாக்கெட்டுகளில் இருப்பதும் பெரும்பாலும் இதுதான். ஸ்ரீராம நவமிக்குக் குளிர்ச்சியாகக் கொடுப்பதை நான் டிசம்பரில் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லாதே. பாட்டிலில் முதலில் உறைவது வாய்ப்பகுதிதான், ஆகவே வெந்நீர் ஊற்றி, மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்துப் பையில் தலைகீழாக வைத்துக்கொள். ஊட்டியில் அவ்வளவு தேவைப்படாது. ஆனால் குன்னூரில் தேநீர்க் கடை கண்டால் கால் மணி நேரத்துக்குமேல் உட்காராதே. நனைந்த சட்டையோடு உட்கார்ந்தவன் எழுந்திருக்கும்போதுதான் நடுக்கம் தொடங்கும்.

அம்மாவின் பொரிவிளங்காய் உருண்டையைக் கேட்டு வாங்கி அனுப்பு; பாகை மட்டும் இளம்பதத்தில் இறக்கச் சொல். கிளம்பும் நாள் முடிவானதும் எழுது. சிவராமன் விடுப்பில் ஊருக்கு வருகிறான், உன்னோடு மலையேறவும் ஆசைப்படுகிறான். அழைத்துக்கொண்டு போவதானால் மணிக்கொரு முறை அவன் பாட்டிலை நீயே தூக்கிப் பார். அவன் வாய்வார்த்தையை நம்பாதே.

அன்புடன்,
வேலு