அல்ஜீரியப் படங்களைத் திரையிடப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உங்கள் ஃபிலிம் சொசைட்டிக்கு நீ தேர்ந்தெடுத்த நாலு படங்களும் சரிதான். வரிசையை மட்டும் மாற்று. வெளியான ஆண்டுப்படி போட்டால் 1966-இல் வந்த 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' முதலில் வந்து நிற்கும். ஏன் குண்டு வைக்கிறார்கள் என்று பிடிபடும் முன்பே குண்டு வெடித்துவிடும்.

முகமது லக்தர்-ஹமீனாவின் 'க்ரானிக்கிள் ஆஃப் தி இயர்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தை முதலில் போடு. 1975-இல் கான் திரைப்பட விழாவின் உச்ச விருதான 'தங்கப் பனை'யை வாங்கியது. கதை 1939-இல் தொடங்கி, பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக விடுதலைப் போர் மூண்ட 1954 நவம்பர் 1-இல் முடிகிறது. வறட்சி, தண்ணீருக்கு அடிதடி, ஊரையே வாரிக்கொண்டு போகும் டைஃபஸ் காய்ச்சல் என்று கோபம் எப்படிச் சேர்கிறது என்பதுதான் படம். 177 நிமிடம் ஓடும். ஒரே மூச்சில் போட்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். படம் அத்தியாயங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி வரும் அத்தியாயத் தலைப்பில் இடைவேளை விடு, காட்சியின் நடுவில் வெட்டாதே. கல்லறைகளோடு பேசும் பைத்தியக்காரன் மிலூத் சிரிப்புக்காக வருபவன் இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடு. மற்றவர்கள் சொல்லத் துணியாததை அவன்தான் சொல்கிறான். அந்த வேடம் இயக்குநரே போட்டது.

அடுத்து 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்'. இயக்குநர் ஜில்லோ பொண்டெகோர்வோ இத்தாலியர். தயாரித்த காஸ்பா ஃபிலிம்ஸ் அல்ஜீரிய நிறுவனம். 1966-இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்க விருது வாங்கியது. பார்ப்பவர்கள் பலரும் இதில் செய்திப்படக் காட்சித் துண்டுகளைச் சேர்த்திருப்பதாக நம்பிவிடுகிறார்கள். ஒரு அடி கூடக் கிடையாது. நெகட்டிவை மறுபடி நகலெடுத்து, படத்தின் புள்ளிச் சொரசொரப்பையும் (கிரெய்ன்) கறுப்பு வெள்ளை வேறுபாட்டையும் வேண்டுமென்றே ஏற்றியிருக்கிறார்கள். ஆகவே புரொஜெக்டரில் நாய்ஸ் ரிடக்‌ஷன், ஷார்ப்னஸ், மோஷன் ஸ்மூத்திங் மூன்றையும் அணைத்துவிடு. இல்லாவிட்டால் அந்தச் சொரசொரப்பு வழுக்கிப் போய், பழைய டிவி நாடகம் மாதிரி ஆகிவிடும். பிரெஞ்சுக் கர்னல் மத்தியூவாக வரும் ஜான் மார்த்தான் மட்டும்தான் தொழில்முறை நடிகர். ஜாஃபராக வரும் யாசெஃப் சாதி, அல்ஜீரியத் தலைநகர் அல்ஜியர்ஸின் பழைய நகர்ப்பகுதியான காஸ்பாவில் போராளிகளை நிஜமாகவே வழிநடத்தியவர். படத்தின் தயாரிப்பாளரும் அவரே.

மூன்றாவது, கோஸ்டா காவ்ராஸின் 'இசட்'. இதை அல்ஜீரியக் கதை என்று அறிமுகம் செய்துவிடாதே. கதை கிரேக்க நாட்டு அரசியல் கொலையைப் பற்றியது, பேசுவது பிரெஞ்சு. கிரேக்கத்தில் அப்போது ராணுவ ஆட்சி. அங்கே எடுக்க வழியில்லாமல் அல்ஜீரியாவின் கூட்டுத் தயாரிப்பில் அல்ஜியர்ஸில் எடுத்தார்கள். சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் அல்ஜீரியாவின் பெயரில் போனது அதனால்தான். என்னைக் கேட்டால், படத்துக்கு முன் இந்த ஒரு விளக்கமே போதும். மற்றதைப் படம் பார்த்துக்கொள்ளும்.

ரஷீத் புஷாரெபின் 'டேஸ் ஆஃப் குளோரி' கடைசியில் இருக்கட்டும். 2006-இல் கானில் சிறந்த நடிகர் விருதை அதன் நடிகர்கள் ஐந்து பேருக்குச் சேர்த்தே கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரான்சுக்காகச் சண்டையிட்ட வட ஆப்பிரிக்கச் சிப்பாய்களின் கதை. படம் வந்த ஆண்டிலேயே பிரெஞ்சு வீரர்களைவிடக் குறைவாக இருந்த அந்த முன்னாள் வீரர்களின் ஓய்வூதியத்தை உயர்த்த பிரெஞ்சு அரசு இறங்கி வந்தது. கலந்துரையாடலை அங்கிருந்து தொடங்கலாம்.

'பாபிச்சா'வையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். நல்ல படம்தான், ஆனால் அது 1990-களின் உள்நாட்டுப் போர்க் காலம். இந்த வரிசையோடு ஒட்டாது. வேறொரு மாலையை அதற்கு ஒதுக்கு.

அன்புடன்,
அப்பா