நானோ இழை வடிகட்டி: சதவீதம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

காற்றில் பரவும் வைரஸையும் பாக்டீரியாவையும் நானோ இழைத் துணி 99 சதவீதத்துக்கு மேல் தடுத்துவிடும் என்று விளம்பரங்களிலும் செய்திகளிலும் அடிக்கடி படிக்கிறோம். பொருள் நல்ல பொருள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த 99 எந்த அளவுத் துகளுக்கு, எந்த வேகத்தில் காற்றைச் செலுத்தி, எவ்வளவு அழுத்த இழப்பில் (துணியைக் கடக்கும்போது காற்று இழக்கும் அழுத்தம்; இது கூடினால் மூச்சு இழுப்பது கடினம்) கிடைத்தது என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

வைரஸைவிடச் சிறிய ஓட்டைகள் இருப்பதால்தான் இந்தத் துணி வைரஸைப் பிடிக்கிறது என்று எழுதுகிறார்கள். அது சல்லடை செய்கிற வேலை. வடிகட்டியில் இழைகளுக்கு இடையிலுள்ள இடைவெளி பெரும்பாலும் வைரஸைவிடப் பெரியதுதான். கனமான துகள், காற்று வளைகிற இடத்தில் தானும் வளைய முடியாமல் இழையில் மோதி நிற்கிறது. மிகச் சிறிய துகளைக் காற்று மூலக்கூறுகள் இடித்து இடித்து அலைக்கழிப்பதால் அதுவும் எங்காவது இழையில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே, 0.1 முதல் 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வாக்கில் இருப்பவைதான் தப்பிப் போகிறவை. ஹெபா என்ற உயர்திறன் காற்று வடிகட்டிக்கு 0.3 மைக்ரானில் 99.97 சதவீதம் என்று அளவுகோல் வைத்தது இதனால்தான்.

பெரும்பாலான முகக்கவசங்களில் உள்ள மெல்ட்புளோன் பாலிபுரொப்பிலீன் இழை (உருக்கிய பிளாஸ்டிக்கைக் காற்றால் ஊதி எடுப்பது) சில மைக்ரான் தடிமன் கொண்டது. அதன் திறனில் பெரும்பங்கு நிலைமின்னூட்டத்தால் வருகிறது. ஆல்கஹாலிலோ சோப்பு நீரிலோ நனைத்தால் மின்னூட்டம் போய்விடும். துணி பார்ப்பதற்கு அப்படியே இருக்கும், திறன் மட்டும் சரிந்திருக்கும். நானோ இழை 0.1 முதல் 0.5 மைக்ரான்தான். மின்னூட்டத்தை நம்பாமல் மெலிவாலேயே பிடிக்கிறது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. காற்று மூலக்கூறு ஒன்று மற்றொன்றில் மோதுமுன் சராசரியாக 0.066 மைக்ரான் தூரம் போகிறது. இழையின் தடிமன் அந்த அளவை நெருங்கும்போது காற்று இழைமேல் வழுக்கிச் செல்வதால், இழை காற்றை இழுத்துப் பிடிப்பது குறைகிறது, அதனால் அழுத்த இழப்பும் குறைகிறது.

இனி அந்தச் சதவீதத்துக்கு வருவோம். மருத்துவ முகக்கவசங்களுக்கான பாக்டீரியா வடிகட்டல் சோதனையில் பயன்படும் துளிகளின் சராசரி அளவு சுமார் 3 மைக்ரான், காற்றோட்டம் நிமிடத்துக்கு 28.3 லிட்டர். 3 மைக்ரான் துளியைப் பிடிப்பது பெரிய காரியமே இல்லை. என்95 வகை முகக்கவசத்துக்கான சோதனையிலோ 0.3 மைக்ரான் வகை உப்புத் துகள், நிமிடத்துக்கு 85 லிட்டர். முதல் சோதனையில் 99 வாங்கிய துணி இரண்டாவதில் தோற்றுப்போகலாம். இரண்டு எண்களையும் ஒரே வரிசையில் வைத்து ஒப்பிடுவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு.

அழுத்த இழப்பைச் சொல்லாமல் திறனை மட்டும் சொல்வதும் அப்படித்தான். ஒரே சோதனையில் ஒரு துணி 100 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) இழப்பில் 99 சதவீதம் பிடிக்கிறது, இன்னொன்று 40 பாஸ்கலில் 95 சதவீதம் என்று வையுங்கள். இரண்டாவதை இரட்டை மடிப்பாகப் போட்டால் தப்புவது 5 சதவீதத்தில் 5 சதவீதம், அதாவது 0.25 சதவீதம். திறன் 99.75 ஆகிறது, அழுத்த இழப்போ 80 பாஸ்கல்தான். ஆக, 95 வாங்கியதே மேலான துணி. முகக்கவசத்தில் இது இன்னும் முக்கியம். துணி வழியே மூச்சு இழுப்பது கடினமானால் காற்று மூக்கோரத்து இடுக்கு வழியாக வடிகட்டப்படாமலே உள்ளே போகும்.

தயாரிப்பில் பிசகும் இடங்களும் உண்டு. எலக்ட்ரோஸ்பின்னிங் என்ற, மின்னழுத்தத்தால் நானோ இழை நூற்கும் முறையில் பாலிமர் கரைசலுக்கு 10 முதல் 30 கிலோவோல்ட் வரை கொடுத்து, 10 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளியுள்ள தாங்கு துணியில் இழையாகப் படிய விடுவார்கள். கரைசல் நீர்த்திருந்தால் இழையில் மணி மணியாக உருண்டை விழும். கெட்டியாக இருந்தால் ஊசி அடைத்துக்கொள்ளும். கரைப்பான் முழுதும் ஆவியாகாமல் போய்ச் சேர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும், மூச்சு முட்டும். டைமெத்தில் ஃபார்மமைடு போன்ற கரைப்பான் கல்லீரலுக்குக் கேடு. முகத்தில் அணியும் பொருளில் அது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்ற அறிக்கை இல்லாமல் வாங்கக் கூடாது. பாலிவினைல் ஆல்கஹால் இழையைக் குறுக்கிணைப்பு செய்யாவிட்டால் (அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்காவிட்டால்) மூச்சின் ஈரமே அதைக் கெடுத்துவிடும்.

தாங்கு துணிமேல் படியும் நானோ இழைப் படலம் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகவே இருப்பதுண்டு. அறைக் காற்று வடிகட்டிக்காக மடிக்கும்போது மடிப்பு விளிம்பில் அது விரிசல் விடக்கூடும். தூசி மேற்பரப்பிலேயே படிவதால் அழுத்த இழப்பும் சீக்கிரம் ஏறும். முன்னால் பெரிய தூசியைப் பிடிக்கும் ஒரு முரட்டு வடிகட்டி வைத்தால் இது தள்ளிப்போகும்.

வெள்ளி, செம்பு சேர்த்துக் கிருமியைக் கொல்வதாகச் சொல்வது எனக்கு அவ்வளவாக உவப்பில்லை. கொல்வதற்கு நேரம் வேண்டும், தூசி மூடிவிட்டால் உலோகம் கிருமியைத் தொடவே தொடாது. பிடிக்காமல் தப்பவிட்ட கிருமிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

துவைத்துப் பலமுறை பயன்படுத்தலாம் என்று சொல்லும் பொருளில் நானோ படலம் தாங்கு துணியிலிருந்து உரிந்து வருவது உண்டு. அத்தகைய பொருளைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது, துவைத்த பிறகு 0.3 மைக்ரானில் எடுத்த திறனையும் அழுத்த இழப்பையும் உற்பத்தியாளரிடம் கேட்டு வாங்கிச் சேர்த்தே அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வடிகட்டித் துறைப் பொறியாளர் ஒருவர்